முந்திரி என்கிற முந்நூற்றிருபது

முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை முந்திரிக் கொட்டையைப் பற்றியது அல்ல. தலைப்பைப் பார்த்ததும் கேண்டீன் ஞாபகம் வந்த நண்பர்கள் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும். இது 320 என்ற எண்ணைப் பற்றியது.

மலர்க் குழுவில் ஒரு அண்ணன் என்னிடம், "எண்ணைப் பற்றித்தான் எழுதணும்னா 1729 எழுதேன், ராமானுஜன் எண்ணுன்னா எல்லாரும் படிப்பாங்க" என்றார். உண்மைதான். ஆனால் 1729-க்கு ஆள் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒவ்வொரு வருஷமும் யாராவது வந்துவிடுவார்கள். 320-க்கு யாரும் வருவதாகக் காணோம். அதனால் நான் வந்தேன்.

நம் பழைய தமிழ்க் கணக்கில் ஒன்றை முந்நூற்றிருபது பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர். அதாவது 1/320. சோழர் கல்வெட்டுகளில் முந்திரிகை என்று வரும். கொல்லாமரத்து முந்திரிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அந்த மரம் போர்ச்சுக்கீசியர்கள் மூலமாக 16-ஆம் நூற்றாண்டில்தான் பிரேசில் பக்கத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஆக, கொட்டை வருவதற்கு ஐந்நூறு வருஷம் முன்னாலேயே பின்னம் வந்துவிட்டது!

சரி, ஏன் 320? நூறு என்று வைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்குமே? ஆயிரம் என்று வைத்திருக்கலாமே? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

320-ஐக் காரணிப்படுத்துவோம். இரண்டால் வகுத்தால் 160, மறுபடி 80, 40, 20, 10, 5. ஆறு தடவை இரண்டால் வகுபடுகிறது, கடைசியில் 5 மிஞ்சுகிறது. அதாவது 320 = 64 × 5. இரண்டின் ஆறாம் அடுக்கு, பெருக்கல் ஐந்து. அவ்வளவுதான், வேறு சரக்கு அதற்குள் இல்லை. ஆனால் இந்த எளிய அமைப்புக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

ஒரு எண்ணுக்கு எத்தனை வகுத்திகள் என்று கண்டுபிடிக்கும் முறை நமக்கு வகுப்பிலேயே சொல்லித் தந்ததுதான். அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். இங்கே அடுக்குகள் 6, 1. ஆகவே 7 × 2 = 14 வகுத்திகள். அந்தப் பதினான்கையும் இரண்டு வரிசையாக எழுதலாம். ஐந்து சேர்ந்த வரிசை: 320, 160, 80, 40, 20, 10, 5. ஐந்து சேராத வரிசை: 64, 32, 16, 8, 4, 2, 1.

இப்போது இவற்றை முந்திரிகளாக எண்ணிப் பாருங்கள். 320 முந்திரி ஒன்று. 160 முந்திரி அரை. 80 கால். 40 அரைக்கால். 20 வீசம் (மாகாணி என்றும் சொல்வார்கள், 1/16). 10 அரைவீசம். 5 கால்வீசம். முதல் வரிசை முடிந்தது. அடுத்த வரிசை: 64 முந்திரி நாலுமா (1/5). 32 இருமா (1/10). 16 ஒருமா (1/20). 8 அரைமா. 4 காணி (1/80). 2 அரைக்காணி. 1 முந்திரி.

பதினான்கு வகுத்திகள், பதினான்குக்கும் தமிழில் பெயர் இருக்கிறது. ஒன்றுகூட விடுபடவில்லை! இதை நோட்டில் எழுதி முடித்தபோது ராத்திரி பதினொரு மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது, ஆள் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

முதல் வரிசை பாதிபாதியாக வெட்டுகிறவர்களின் வரிசை. எண்ணெயோ நெல்லோ, பாத்திரத்தில் பாதி, அதில் பாதி என்று போவது யாருக்கும் கைவரும். அளவுகோல் வேண்டாம், கண் போதும். இரண்டாவது வரிசை இருபதை அடிப்படையாகக் கொண்டது. ஒரு வேலி நிலத்துக்கு இருபது மா என்பது பழைய நில அளவு. ஆறு தடவை பாதியாக்கவும் முடிய வேண்டும், ஐந்தில் ஒரு பங்கும் கிடைக்க வேண்டும், இரண்டுக்கும் பின்னம் உடையாமல் இடம் கொடுக்கிற மிகச் சிறிய முழு எண் எது என்று கேட்டால், 64-க்கும் 5-க்கும் மீச்சிறு பொது மடங்கு, அதாவது 320. அந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து இப்படி யோசித்தார்கள் என்று நான் கதை கட்டப்போவதில்லை. ஆனால் யோசித்திருந்தால் இந்த எண்தான் வந்திருக்கும்.

இரண்டு வரிசையையும் முடிச்சுப் போடுகிற இடம் மாகாணி. பெயரைப் பிரித்துப் பாருங்கள்: மா, காணி. ஒருமா 16 முந்திரி, காணி 4 முந்திரி, கூட்டினால் 20. இருபது முந்திரி என்பது 1/16. இருபதில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் கூட்டினால் பதினாறில் ஒன்று வருகிறது என்பதை நாம் எல்.சி.எம். எடுத்து இரண்டு வரியில் போடுவோம். நம் முன்னோர் அந்தக் கூட்டலை ஒரு சொல்லாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பதினாறு முந்திரி இருபதில் ஒன்று, இருபது முந்திரி பதினாறில் ஒன்று. காரணம் 16 × 20 = 320.

"முக்காலே மூணு வீசம்" என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். எங்கள் ஆச்சி வெந்நீர் வைப்பதிலிருந்து கல்யாணப் பந்தி வரைக்கும் அதைத்தான் சொல்வாள்: "ஏட்டி, முக்காலே மூணு வீசம் வேலை முடிஞ்சிட்டு, நீ வந்துதான் நிக்கணுமாக்கும்!" ஆச்சி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நான் கணக்குப் போட்டேன். முக்கால் 240 முந்திரி, மூன்று வீசம் 60 முந்திரி. மொத்தம் 300. பாக்கி 20 முந்திரி, அதாவது ஒரு வீசம். ஆகவே முக்காலே மூணு வீசம் என்றால் 15/16. கிட்டத்தட்ட முழுசு, ஒரு வீசம் குறைவு. எங்கள் கீழப்பாவூர் நரசிம்மருக்குக் கைகள் பதினாறு. அதில் ஒன்றை மட்டும் மடக்கிக்கொண்டால் அதுதான் முக்காலே மூணு வீசம் என்று ஆச்சியிடம் சொன்னேன். சாமியை வைத்து விளையாடாதே என்று ஏச்சு கிடைத்தது. ஆனால் கணக்கு சரிதான் என்று பிறகு ஒத்துக்கொண்டாள்.

இப்போது கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்கு ஒரு விருந்து. இரண்டாவது வரிசையை மறுபடியும் பாருங்கள்: 1, 2, 4, 8, 16, 32, 64. இது உங்கள் பைனரி இலக்கங்கள் அல்லவா! ஏழு பிட். இந்த ஏழையும் ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு மேல் வராமல் கூட்டி 1 முதல் 127 வரை எந்த எண்ணையும் உண்டாக்கலாம். அதோடு கால் (80), அரை (160) என்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டால் 1 முதல் 319 வரைக்கும் எல்லா முந்திரிகளையும் சொல்லிவிடலாம். நிரூபணம் சின்னது. எண் 240 அல்லது அதற்கு மேல் என்றால் அரையும் காலும் கழியுங்கள். 160-க்கும் 239-க்கும் நடுவில் என்றால் அரையைக் கழியுங்கள். 80-க்கும் 159-க்கும் நடுவில் என்றால் காலைக் கழியுங்கள். மிச்சம் எப்போதும் 79-க்கு மேல் போகாது. 79 என்பது 127-க்குள் அடக்கம். முடிந்தது. ஒன்பது பெயர்களை மனப்பாடம் செய்தால் ஒன்றுக்குக் கீழே 319 பின்னங்களையும் கூப்பிடலாம். மிகப் பெரியதான 319/320-ஐச் சொல்லிப் பாருங்கள்: முக்கால் (240), நாலுமா (64), அரைமா (8), காணி (4), அரைக்காணி (2), முந்திரி (1). கூட்டினால் 319.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்று ஒன்றை வைத்துப் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்வார்களாம். முழு எண் வாய்பாடு மட்டும் அல்ல, முந்திரி, காணி, மா எல்லாவற்றுக்கும் பெருக்கல் வாய்பாடு உண்டு. கிராமக் கணக்கர்கள் எப்படி எண்ணினார்கள், அளந்தார்கள், அதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதைப் பற்றி டி. செந்தில் பாபு 2022-இல் ஒரு பெரிய ஆராய்ச்சி நூலே வெளியிட்டிருக்கிறார். அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார முடிந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் என் தலைமுறை வரைக்கும் யாரும் உட்காரவில்லை.

அதனால் வந்த ஒரு சங்கதியை இங்கே சொல்கிறேன். நான் இந்த எண்ணுக்குள் வந்ததே அதனால்தான்.

எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. கத்தரியும் சிறுகிழங்கும் போடுவோம். தண்ணீர், பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு கிணற்றிலிருந்து. பதினாறு நாள் முறை. எங்கள் முறை இரண்டு நாள். என் பூட்டன் பெயரில் 1946-ஆம் வருஷத்துப் பத்திரம் ஒன்று தகரப்பெட்டியில் கிடந்தது. போன வருஷம் ஏதோ மானியத்துக்கு விண்ணப்பிக்க அதை எடுத்தோம். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், அதனால் நான் வாசித்தேன். அதில் "கிணற்றில் அரைக்காலே மாகாணிப் பங்கு" என்று இருந்தது. அரைக்கால் அப்பாவுக்குத் தெரியும், எட்டில் ஒன்று, பதினாறு நாளுக்கு இரண்டு நாள். மாகாணி என்பது வயலின் பெயர் என்று தாத்தா காலத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை அப்படியே நம்பி இத்தனை வருஷமும் ஓட்டிவிட்டார்கள்.

அரைக்கால் 40 முந்திரி. மாகாணி 20 முந்திரி. மொத்தம் 60. 320-க்கு 60 என்றால் 3/16. பதினாறு நாளில் மூன்று நாள்! நாள் கணக்கை மணியாக்கினால் 384 மணி, ஒரு முந்திரிக்கு 1 மணி 12 நிமிஷம். இருபது முந்திரிக்குச் சரியாக இருபத்துநாலு மணி நேரம் வருகிறது.

நான் சொன்னால் போதுமா? என்னைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்களே. அப்பாவும் நானும் பெரியப்பா முறை ஒருவரிடம் போய்ப் பணிவாகத்தான் கேட்டோம். அவர், "ஒங்க பத்திரம் ஒண்ண மட்டும் வச்சு எப்படிச் சொல்ல முடியும் தாயி, எல்லார் பத்திரத்தையும் பார்க்கணும்லா" என்றார். அது நியாயமான பேச்சு. கணக்கும் அதைத்தான் கேட்கிறது. எல்லாப் பங்கையும் கூட்டினால் 320 வர வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் காகிதத்தையும் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டுக்குக் கால், 80. இன்னொரு வீட்டுக்கும் கால், 80. ஒருவருக்கு மும்மாகாணி, 60. ஒருவருக்கு அரைக்கால், 40. எங்களுக்கு 60. கூட்டிப் பாருங்கள்: 320. எங்களுக்கு 40 என்று வைத்தால் 300-தான் வருகிறது, முக்காலே மூணு வீசம். அந்த மிச்ச ஒரு வீசம் எங்கே போனது? கிணற்றில் பதினாறாவது நாளுக்கு எங்கள் ஊரில் "மிச்ச நாள்" என்று பெயர் வைத்து, அவசரப்பட்டவர் இறைத்துக்கொள்வது என்று வழக்கம் வைத்திருந்தார்கள். மிச்சம் எப்படி வந்தது என்று எழுபது வருஷத்துக்கு மேலாக யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா அந்தத் தாளை இரண்டு தடவை பார்த்தார். "மழை கழியட்டும், பேசிக்கிடலாம்" என்றார். பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால் மிச்ச நாள் என்ற சொல்லை இப்போது யாரும் எங்கள் முன்னால் சொல்வதில்லை.

கணக்குக்குத் திரும்புவோம். 320-க்கு ஒரு தம்பி உண்டு, அதன் பெயர் 192. அது 64 × 3. 320-இல் ஐந்து இருக்கும் இடத்தில் இதில் மூன்று. இதற்கும் வகுத்திகள் பதினான்கு. இதுவும் நம் நாட்டில் புழங்கிய எண்தான். பழைய ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை, ஆக ஒரு ரூபாய்க்கு 192 பை. அந்த ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஐந்து அணா நாலு பை, மிச்சம் இல்லை. ஐந்து பேருக்குப் பிரிக்க முடியாது. முந்திரியில் ஐந்து பேருக்குப் பிரிக்கலாம், மூன்று பேருக்கு முடியாது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று மாறியது. நூறுக்கு வகுத்திகள் ஒன்பதுதான். இரண்டு தடவை பாதியாக்கினால் 25-இல் வந்து நின்றுவிடும். ஒரு வீசம் ரூபாய், அதாவது ஓர் அணா, ஆறேகால் பைசா ஆகிவிட்டது! நாலணா என்று நாம் கூப்பிட்ட 25 பைசாவும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டது.

ஆயிரம் இன்னும் கொஞ்சம் தாங்கும். எங்கள் அம்மா பீடி சுற்றுகிறார். கட்டுக்கு 25 பீடி, நாற்பது கட்டு ஆயிரம். ஆயிரத்தைப் பாதியாக்கினால் 500, 250, 125, அதோடு சரி. அடுத்தது அறுபத்திரண்டரை, அரைப் பீடியை யாரும் வாங்க மாட்டார்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக்கடையில் நின்று கவனியுங்கள். ஒரு கிலோ, அரைக் கிலோ, கால் கிலோ என்று பாதிபாதியாக இறங்குகிறவர்கள் அடுத்த படியில் "அரைக்கால் கிலோ" என்று கேட்பதில்லை, "நூறு கிராம்" என்று தாவிவிடுகிறார்கள். பாதியாக்கும் பழக்கமும் பத்தின் கணக்கும் மோதிக்கொள்கிற இடம் அது. 320, ஆயிரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் ஆறு தடவை பாதியாகிறது. தசமத்தில் எழுதினாலும் அது ஒழுங்காகவே நடந்துகொள்கிறது. 1/320 = 0.003125. ஆறே இலக்கத்தில் முடிந்துவிடுகிறது, ஏனென்றால் உள்ளே இரண்டும் ஐந்தும் தவிர வேறு பகா எண் இல்லை. கடைசியில் இருக்கும் 3125 ஐந்தின் ஐந்தாம் அடுக்கு.

அப்படியானால் மூன்றில் ஒரு பங்குக்கு என்ன செய்வது? 320-ஐ மூன்றால் வகுத்தால் 106, மிச்சம் 2. இது முந்திரியின் பலவீனம், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய வாய்பாட்டில் கீழே இறங்க வழி இருக்கிறது. முந்திரியை மறுபடி 320-ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி, அது 1/1,02,400. அதை இருபத்தொன்றாகப் பிரித்தால் இம்மி. "இம்மியும் பிசகாமல்" என்கிறோமே, அதே இம்மிதான். 1/21,50,400. ஏன் இருபத்தொன்று? 21 = 3 × 7! மேலே விட்டுப்போன மூன்றும் ஏழும் இங்கே உள்ளே வந்துவிடுகின்றன. மூன்றில் ஒரு பங்கு 7,16,800 இம்மி, ஏழில் ஒரு பங்கு 3,07,200 இம்மி. மிச்சமே இல்லை. முகத்தல் அளவையில் மூன்று வேறு வழியாக வரும்: மூன்று தூணி ஒரு கலம்.

முகத்தல் அளவை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. பெருக்குங்கள்: 5 × 2 × 2 × 2 × 8. எவ்வளவு? 320! ஒரு குறுணிக்கு ஒரு செவிடு என்பது ஒன்றுக்கு ஒரு முந்திரி. ஆழாக்கு கால்வீசம், நாழி அரைக்கால். நாழியால் அளந்தவருக்குக் கணக்குச் சுவடி தேவையே இல்லை, பாத்திரங்களே வாய்பாடு.

சிவில் மாணவி என்பதால் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. சர்வே பாடத்தில் கண்டர் சங்கிலி படிக்கிறோம், எட்மண்ட் கண்டர் 1620-இல் கொண்டுவந்தது, 66 அடி. எண்பது சங்கிலி ஒரு மைல், 5280 அடி. சங்கிலியில் கால் பங்கு ஒரு ராட், பதினாறரை அடி. அப்படியானால் மைலுக்கு எத்தனை ராட்? 80 × 4 = 320. வெள்ளைக்காரனின் மைலுக்கு ராட் என்பது ஒரு முந்திரி! சங்கிலி ஒரு காணி. நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் பர்லாங்கு மைலில் எட்டில் ஒன்று, அரைக்கால். ஒரு சதுர மைலில் 1,02,400 சதுர ராட், ஆகவே சதுர ராட் கீழ்முந்திரி. இதை வைத்து அவர்கள் நம்மைப் பார்த்து எழுதினார்கள் என்று யாராவது கிளம்பினால் நான் பொறுப்பல்ல. நிலத்தைப் பாதியாகவும் ஐந்தாகவும் பங்கு போடுகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த எண்ணிடம் வந்து சேர்வார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ராஜராஜ சோழன் காலத்தில், கி.பி. 1001-ஐ ஒட்டி நடந்த நில அளவையைப் பற்றி வரலாற்று நூல்களில் ஓர் எண் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு வேலியில் 1/52,42,88,00,000 பங்கு வரைக்கும் அளந்து தீர்வை விதித்தார்கள் என்று எழுதுவார்கள். ஐயாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு கோடியே எண்பத்தெட்டு லட்சத்தில் ஒன்று! படித்துவிட்டு "அடேயப்பா" என்று போய்விடுவோம். நீங்கள் போகாதீர்கள், அதை 320-ஆல் வகுத்துப் பாருங்கள். 16,38,40,000 வரும். மறுபடி வகுத்தால் 5,12,000. மறுபடி 1,600. மறுபடி 5. நாலு தடவை 320, மிச்சம் ஐந்து. கல்வெட்டுகளில் முந்திரிகைக்கு அடுத்து "கீழ்" என்ற சொல் வரும். ஒவ்வொரு கீழும் 320-ஆல் ஒரு வகுத்தல். நாம் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் இடம் நகர்வதைப் போல அவர்கள் ஒரு கீழ் இறங்குகிறார்கள். நாலு கீழ் இறங்கி நாலுமா. அந்தப் பயங்கரமான எண் சட்டென்று வீட்டு மனுஷியாகிவிடுகிறது.

வேலி என்பது ஏறத்தாழ 6.67 ஏக்கர் என்று வைத்துக்கொண்டு அந்தப் பங்கு எவ்வளவு நிலம் என்று போட்டுப் பார்த்தேன். சுமார் அரை சதுர மில்லிமீட்டர். ஒரு எறும்புகூட நிற்க முடியாது. இதை யாரும் வயலில் இறங்கிக் கோல் வைத்து அளந்திருக்க முடியாது. இது அளந்து வந்த எண் அல்ல, வகுத்து வந்த எண் என்பது என் எண்ணம். பங்கும் தீர்வையும் கணக்கிடும்போது வருகிற மிச்சத்தைத் தூக்கி எறியாமல் கடைசி வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். நம் தியோடலைட்டையும் டோட்டல் ஸ்டேஷனையும் விட நுட்பமாக அளந்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எனக்கு அந்த அளவுகோல் பெருமையைவிட இந்தக் கணக்கர் பெருமைதான் பெரிதாகத் தெரிகிறது.

பாட்டுப் பிரியர்களுக்கு ஒரு துணுக்கு. எம்.பி.3 பாட்டை இறக்கும்போது 128, 320 என்று இரண்டு தரம் கேட்குமே. 320-க்குக் கீழே அதோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று எண்ணினால் சரியாக 128 வருகிறது (320-இல் பாதி 160, அதில் ஐந்தில் நாலு பங்கு 128). இது தற்செயல்தான், பெரிதுபடுத்த வேண்டாம். 320-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத ஒரே ஒரு வழிதான் உண்டு: எட்டின் வர்க்கம் 64, பதினாறின் வர்க்கம் 256.

கைப்பேசிக்குள்ளும் முந்திரி வந்துவிட்டது. 2019-இல் வெளியான யூனிகோடு 12.0-இல் தமிழ்ப் பின்னங்களுக்கும் பழைய அளவைக் குறிகளுக்கும் சேர்த்து 51 இடங்கள் ஒதுக்கினார்கள். கீழ் என்பதற்கும் தனிக் குறி இருக்கிறது. அந்த வரிசையில் முதல் இடத்தில் உட்கார்ந்திருப்பது 1/320. எல்லாக் கைப்பேசியிலும் எழுத்துரு இல்லை, பல இடத்தில் கட்டம்தான் தெரியும்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு குறுணி நெல் இருக்கிறது. மூத்தவள் அதில் காலே இருமா எடுத்துக்கொண்டாள். அடுத்தவள் மீதியில் பாதி எடுத்தாள். கடைக்குட்டி, அதற்குப் பிறகு இருந்ததில் அரைக்கால் பங்கு எடுத்தாள். பாக்கி குறுணியில் எவ்வளவு? எத்தனை செவிடு? விடையை இறுதியாண்டு சிவில் வகுப்பில் வந்து என்னிடம் சொல்லலாம். தமிழ்ப் பெயரில் சொல்ல வேண்டும், தசமத்தில் சொன்னால் செல்லாது.